பிக்கப் தொட்டிக்கு ரோலர் மூடி: பெங்களூர் மழைக்குத் தாங்கும்படி நாமே மாட்டுவது எப்படி

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். நம் ஊரில் ஓடும் இரட்டை கேபின் பிக்கப்புகளின் பின்தொட்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். கணக்குப் போட்டால் இரண்டேகால் சதுர மீட்டர். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதச் சாயங்கால மழை ஒன்று 50 மி.மீ. கொட்டிவிட்டுப் போனால், தொட்டியின் மூடிமேல் மட்டும் 110 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும். மூடி மாட்டும் வேலை என்பது முக்கால்வாசி இந்தத் தண்ணீருக்கு வழி அமைக்கும் வேலைதான். பூட்டும் அழகும் அதற்கு அப்புறம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னுடையது இசுசு வி-கிராஸ். தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கும் நிலத்துக்கு நாற்று, மோட்டார், குழாய் என்று வாராவாரம் ஏற்றிக்கொண்டு போவதால் மூடி தேவைப்பட்டது. முதலில் ஒரு கடையில்தான் மாட்டினேன். இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள், பார்க்கவும் நன்றாகவே இருந்தது. மூன்று வாரம் கழித்து ஓசூரில் சொந்தக்காரர் கல்யாணம். சீர்வரிசைத் துணிகளைத் தொட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். பொம்மனஹள்ளியில் பிடித்த மழை அத்திப்பள்ளி தாண்டும்வரை விடவில்லை. மண்டபத்தில் மூடியைத் திறந்தபோது பட்டுப்புடவைப் பெட்டிகள் இரண்டு அங்குலத் தண்ணீரில் நின்றன. என் மனைவி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

மறுநாள் மைத்துனன் வந்து தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். அவன் பீன்யாவில் ஃபிட்டர். "மாமா, வடிகால் குழாயைத் தொட்டிக்குள்ளேயே விட்டிருக்காங்க. ரெயிலும் மூலைமட்டத்துல இல்ல" என்றான். முழுவதையும் கழற்றி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து மறுபடி மாட்டினோம். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. அன்று செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

மூடி எப்படி வேலை செய்கிறது

கடை ஷட்டரைப் படுக்கவைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். கேபினுக்குப் பின்னால், தொட்டியின் முன்சுவரை ஒட்டி ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அலுமினியப் பட்டைகள் ஒன்றோடொன்று கோத்து அதற்குள் சுருண்டிருக்கும். தொட்டியின் இரண்டு பக்கச் சுவர்மேலும் இரண்டு ரெயில். பட்டைகள் அந்த ரெயில் காடிக்குள் ஓடி வந்து டெயில்கேட் (தொட்டியின் பின்கதவு) பக்கம் பூட்டிக்கொள்ளும். சில மாடல்களில் பெட்டிக்குள் ஸ்பிரிங் உண்டு, பூட்டை விடுவித்தால் மூடி தானாகச் சுருண்டு போகும். சிலவற்றைக் கையால் தள்ள வேண்டும்.

பட்டைமேல் தங்கும் மழைநீரில் ஒரு பங்கு, மூடியைத் திறக்கும்போது பட்டையோடு சேர்ந்து பெட்டிக்குள் போகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் உள்ள பிக்கப் காலியாக நிற்கும்போது வாலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அதனால் மேலே விழும் தண்ணீர் டெயில்கேட் பக்கம் போகாமல் முன்னால், பெட்டியை நோக்கி ஓடும். வண்டியை இறக்கத்தில் மூக்கு கீழாக நிறுத்தினால் இன்னும் அதிகம். ஆகவே பெட்டிக்குள் தண்ணீர் வரவே கூடாது என்று மாட்டுவது வீண். வரும், வந்தது வெளியே போக வேண்டும். அதற்குத்தான் பெட்டியின் மூலைகளில் வடிகால் குழாய்.

வாங்கும் முன்

இந்தியாவில் தனியார் பதிவில் ஓடும் பெரிய பிக்கப்புகள் சிலவே. 2016இல் வந்த வி-கிராஸும், 2022இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் அதிகம் கண்ணில் படும். மூடியை வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். எந்த வருட மாடல், எந்த வேரியன்ட் என்றும் சொல்லுங்கள். பிறகு நீங்களே டேப் எடுத்து மூன்று அளவு எடுங்கள்: தொட்டியின் மேல்விளிம்பில் முன்சுவரிலிருந்து டெயில்கேட்டின் உள்பக்கம்வரை நீளம், முன்னால், நடுவில், பின்னால் அகலம், பக்கச் சுவரின் உள்மடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பது. ரெயிலைச் சுவரோடு இறுக்கும் கிளாம்ப் பிடிக்கப்போவது அந்த மடிப்பைத்தான்.

தொட்டிக்குள் பிளாஸ்டிக் லைனர் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரின் விளிம்பையும் மூடிக்கொண்டு மடங்கி வரும் லைனர் என்றால், ரெயில் அதன்மேல்தான் உட்காரும், கிளாம்ப் வழுக்கும். கிளாம்ப் வரும் இடங்களில் லைனரை வெட்டிவிட வேண்டும், அல்லது விளிம்புக்குக் கீழே நிற்கும் லைனருக்கு மாற வேண்டும். கேபினுக்குப் பின்னால் ஸ்போர்ட்ஸ் பார் வைத்திருப்பவர்கள் அதன் காலும் ரெயிலும் ஒரே இடத்தில் முட்டுமா என்று கேட்டே வாங்குங்கள். இந்த இரண்டையும் கவனிக்காமல் மூடியை வாங்கிவந்து திருப்பிக் கொடுத்தவர்களை ஜே.சி. ரோடு கடைகளில் நானே பார்த்திருக்கிறேன்.

பெட்டி தொட்டியின் முன்பக்கத்தில் 20 முதல் 30 செ.மீ. நீளத்தை எடுத்துக்கொள்ளும். முழு மூடியும் பெரும்பாலும் 30 முதல் 40 கிலோ வரும். வண்டி தாங்கும் சுமையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கிளாம்ப் போட்டுப் பிடிக்கும் தட்டையான மூடி சேஸிஸையோ இன்ஜினையோ இருக்கையையோ தொடுவதில்லை. உயரமான கூண்டு மாட்டுவது வேறு கதை. எதுவானாலும் மாட்டும் முன் ஷோரூமிலோ ஆர்டிஓ அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு பில்லை வைத்து இன்சூரன்ஸில் அதன் மதிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். கம்பெனி பொருத்தி வராத பொருள், பாலிசியில் எழுதாமல் இருந்தால் திருட்டுக்கோ விபத்துக்கோ பணம் வராது.

சாமான்கள்

ராட்செட், சாக்கெட் செட், ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசைக்கு முறுக்க உதவும் ஸ்பேனர்), டேப், மூலைமட்டம், மாஸ்கிங் டேப், டிரில், இரும்புக்கான ஸ்டெப் டிரில் பிட், அரம், பிரைமர், வண்டி நிறத்தில் டச்சப் பெயின்ட், ரப்பர் குரோமெட் (துளை விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம்), ஒரு பெயின்ட் மார்க்கர், பழைய போர்வை இரண்டு. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஒரு நாளைக்குக் கடன் வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இரண்டு பேர் கட்டாயம். நாங்கள் காலை ஏழரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்கு முடித்தோம்.

உச்சி வெயிலில் செய்யாதீர்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒன்றரை மீட்டர் ரெயில், காலைக்கும் சுடும் மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால், ஒன்றரை மி.மீ. அளவுக்கு நீளும். சூட்டில் நீண்டிருக்கும் ரெயிலை அளந்து முறுக்கிவிட்டால் காலையில் பூட்டு சரியாக விழாது. நிழலில், குளிர்ந்த வண்டியில் அளந்து மாட்டுங்கள்.

தொட்டியைத் தயார் செய்வது

தொட்டியை ஷாம்பு போட்டுக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். நுரை ரப்பர் ஒட்டும் இடங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். பாலிஷ் மிச்சம் இருந்தால் பசை பிடிக்காது. விளிம்பில் துரு இருந்தால் இப்போதே தேய்த்து பிரைமர், பெயின்ட் போட்டுவிடுங்கள். ரெயில் மேலே வந்த பிறகு அந்த இடம் கண்ணுக்கே தெரியாது. உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும்.

மூடியைப் பிரிக்கும்போது போர்வைமேல் வைத்துப் பிரியுங்கள். பட்டைகளைக் கட்டியிருக்கும் டேக்கையோ பட்டியையோ இப்போது வெட்டாதீர்கள். ஸ்பிரிங் மாடலில் அதை வெட்டினால் பட்டை பாய்ந்து விரலைப் பதம் பார்த்துவிடும்.

பெட்டியை உட்கார வைப்பது

முன்சுவரை ஒட்டும் நுரை ரப்பரை முதலில் ஒட்டுங்கள். ஒரே துண்டாக ஒட்ட வேண்டும், நடுவில் இணைப்பு கூடாது. மூலையில் வெட்டாமல் வளைத்துத் திருப்புங்கள்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை இறக்குங்கள். இடது சுவருக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி, வலப்பக்க இடைவெளி, இரண்டையும் டேப்பில் பார்த்துச் சமமாக்குங்கள். முன்சுவரில் நுரை ரப்பர் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் சில மாதத்தில் அது செத்துவிடும், பிறகு தண்ணீர் அதன் வழியே இறங்கும்.

ரெயிலும் மூலைமட்டமும்

கடையில் அவசரப்பட்டுச் செய்த இடம் இதுதான், நாங்கள் அதிக நேரம் கொடுத்த இடமும் இதுதான். ரெயில் இரண்டையும் பெட்டியின் வாயில் செருகி, சுவர்மேல் வைத்து, கிளாம்ப்களைக் கையால் மட்டும் முறுக்குங்கள். ஸ்பேனரை இப்போது தொட வேண்டாம்.

இனி அளவு. இரண்டு ரெயிலுக்கும் இடையிலான அகலத்தைப் பெட்டியின் பக்கம், நடுவில், டெயில்கேட் பக்கம் என்று மூன்று இடத்தில் எடுங்கள். மூன்றும் ஒரே எண்ணாக வர வேண்டும். கூடிப்போனால் ஒரு நூல், அதாவது 3 மி.மீ., பொறுக்கலாம், அதற்கு மேல் கூடாது. பிறகு மூலைக்கு மூலை: இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலை, வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலை. இரண்டு நீளமும் ஒன்றாக இருந்தால் மூலைமட்டம் சரி. வேறுபட்டால் ஒரு பக்க ரெயில் முன்னால் போயிருக்கிறது என்று அர்த்தம். நீளம் அதிகமான குறுக்குக்கோடு எந்தப் பின்மூலையில் முடிகிறதோ, அந்தப் பக்க ரெயிலை லேசாக முன்னால் தட்டுங்கள். வீடு கட்டும்போது கொத்தனார் நூல் பிடிக்கிறாரே, அதே முறைதான். என் வண்டியில் முதலில் ஏழு மி.மீ. வித்தியாசம் வந்தது. மூடி ஒவ்வொரு முறையும் வலது மூலையில் முக்கித் திறந்ததற்குக் காரணம் அதுதான்.

இதைச் செய்யும்போது டெயில்கேட் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் பக்கச் சுவர்கள் கொஞ்சம் விலகி நிற்கும், அளவு பொய் சொல்லும்.

அளவு சரியான பிறகு, பட்டைகளைக் கட்டியிருக்கும் டேக்கை வெட்டி, ஒருவர் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மூடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முழுநீளமும் ஒரே விசையில் வர வேண்டும். இடையில் எங்காவது கனத்தால் அந்த இடத்தில் ரெயில் உள்ளே வளைந்திருக்கிறது.

முறுக்குவது

வரிசை முக்கியம். முதலில் பெட்டிப் பக்கக் கிளாம்ப்கள் இரண்டும், பிறகு டெயில்கேட் பக்கம் இரண்டும், கடைசியாக நடுவில் உள்ளவை. ஒரே மூச்சில் முழுக்க முறுக்காதீர்கள். பாதி முறுக்கி மூடியை ஓட்டிப் பாருங்கள், பிறகு மீதி. இறுதி முறுக்கை கையேட்டில் சொன்ன எண்ணுக்கு டார்க் ரெஞ்சில் வையுங்கள். கைப்பழக்கத்தில் முறுக்குபவர்கள் எப்போதும் அதிகமாகத்தான் முறுக்குகிறார்கள். கிளாம்ப் பிடித்திருப்பது மெல்லிய தகட்டு மடிப்பு. அது அமுங்கி வளைந்தால் ரெயிலும் கூடவே வளையும்.

ரெயில் அலுமினியம், தொட்டி இரும்பு. இரண்டும் நேரடியாகத் தொட்டு நடுவில் ஈரம் நின்றால் அரிப்பு உண்டாகும். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் பெயின்ட் உரியாமல் பாருங்கள். கிட்டில் வரும் ரப்பர், நைலான் வாஷர்களைத் 'தேவையில்லை' என்று ஒதுக்காதீர்கள்.

முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் கிளாம்புக்கு மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பின்னாளில் கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

வடிகால்

பெட்டியின் இரண்டு மூலையிலும் குழாய் மாட்டுவதற்கு முனை இருக்கும். குழாய் தொட்டியின் தரைக்கு வெளியே போய்த்தான் முடிய வேண்டும். உங்கள் தொட்டியின் முன்மூலையில் ரப்பர் அடைப்பான் போட்ட துளை ஏற்கனவே இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், டிரில் வேண்டாம்.

துளை போட்டே ஆக வேண்டும் என்றால், டிரில்லை எடுக்கும் முன் வண்டிக்குக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் குழாய், வயரிங் எதுவும் அந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துளை போட்டதும் விளிம்பை அரத்தால் மழுக்கி, பிரைமர், பெயின்ட் இரண்டும் போட்டு, காய்ந்த பிறகு குரோமெட். இவற்றில் ஒன்றை விட்டாலும் அடுத்த வருடம் அங்கே துரு வளையம் நிற்கும். தொட்டியில் சிதறிய இரும்புத்தூளை விளக்குமாறால் மட்டும் கூட்டாதீர்கள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தடவுங்கள், எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு துகள் தங்கினாலும் மழையில் நனைந்து பெயின்ட்மேல் பழுப்புப் புள்ளியாகும்.

குழாய் முழுக்க இறக்கத்தில் ஓட வேண்டும். எங்காவது மேலே ஏறி இறங்கினால் அந்தப் பள்ளத்தில் அழுக்கு தங்கி அடைத்துவிடும். கூர்மையான மடக்கும் கூடாது. கீழ்முனை சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி இருக்கட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டும் பகுதி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் கடுமையாகச் சூடேறும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உருகும்.

மாட்டிய கையோடு ஒவ்வொரு முனையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். இடைவிடாமல் கீழே கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாய் எங்கோ மடங்கியிருக்கிறது.

பூட்டும் தண்ணீர்ச் சோதனையும்

டெயில்கேட் மேல்விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டி, மூடியின் கடைசிப் பட்டை அதன்மேல் மெத்தென்று உட்காரும்படி பூட்டுக் கொக்கியைச் சரிசெய்யுங்கள். பல மாடல்களில் டெயில்கேட்டை முதலில் மூடி, பிறகுதான் மூடியை இழுத்துப் பூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் கொக்கி வளையும். வீட்டில் வண்டி எடுக்கும் எல்லோருக்கும் இந்த வரிசையைக் காட்டிக்கொடுங்கள்.

சோதனைக்குத் தொட்டித் தரை முழுக்கப் பழைய நியூஸ்பேப்பர் விரித்து, மூடியைப் பூட்டி, மேலே பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். நாங்கள் ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீரை இரண்டு நாள் சேர்த்துவைத்துப் பூவாளியால் ஊற்றினோம். 2024 கோடையில் பெங்களூரில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு இந்த வேலைக்குக் காவிரித் தண்ணீரைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. உப்புப் படியாமல் முடிவில் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

திறந்து பாருங்கள். பேப்பர் நனைந்த இடம் உங்களுக்குக் காரணத்தைச் சொல்லும். முன்சுவர் ஓரம் நனைந்தால் நுரை ரப்பர். முன்மூலை நனைந்தால் வடிகால். பக்கவாட்டில் நீளமாக நனைந்தால் ரெயில் சுவரோடு ஒட்டி உட்காரவில்லை. பின்மூலைகளில் இரண்டு ரூபாய் அளவுக்கு ஈரம் இருந்தால் கவலைப்பட வேண்டாம். டெயில்கேட் இணையும் மூலையை முழுக்க அடைப்பது கடினம்.

அப்புறம் பார்த்துக்கொள்வது

முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு சர்வீஸின்போதும் மார்க்கர் கோடுகளைப் பாருங்கள். நம் ஊர்ப் பள்ளங்களும் வேகத்தடைகளும் போல்ட்டைத் தளர்த்திவிடும்.

ரெயில் காடியில் கிரீஸ் போடாதீர்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளின் தூசி அதில் ஒட்டி உப்புத்தாள் போல் ஆகிவிடும். ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். மூடியில் தண்ணீர் நின்றால் திறக்கும் முன் கையால் ஒருமுறை வழித்துவிடுங்கள், பெட்டிக்குள் போவது பாதியாகக் குறையும்.

மர நிழலில் வண்டி நிறுத்துபவர்கள் வடிகாலை மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரம் இரண்டு, மயில்கொன்றை ஒன்று. அவற்றின் சிற்றிலைகள் பட்டை இடுக்கு வழியாகப் பெட்டிக்குள் போய், ஊறி, குழாய் வாயில் அடையாக அமர்ந்துகொள்ளும். சைக்கிள் பம்பில் கீழிருந்து இரண்டு முறை காற்றடித்தால் வெளியே வந்துவிடும். மே மாதக் கடைசியில் இதைச் செய்துவிட்டுத்தான் நான் மழைக்காலத்துக்கு வண்டியை விடுகிறேன்.

மூடிமேல் மூட்டை வைக்காதீர்கள், குழந்தைகளை உட்கார விடாதீர்கள். பீரோ, கட்டில் போல் உயரமான சாமான் ஏற்ற வேண்டி வந்தால் மூடியை முழுக்கச் சுருட்டினாலே பெரும்பாலும் போதும். பெட்டியே இடைஞ்சல் என்றால்தான் கழற்றுவது. அப்போது ஒவ்வொரு கிளாம்புக்கும் இடது ஒன்று, வலது இரண்டு என்று மார்க்கரால் எண் போட்டுக்கொண்டு கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது அளவு பாதி அங்கேயே கிடைத்துவிடும். கழற்றிய ரெயிலைச் சுவரில் சாய்த்து வைக்காமல் தரையில் போர்வை விரித்துப் படுக்கவையுங்கள். அலுமினிய ரெயில் ஒருமுறை வளைந்தால் தட்டி நேராக்க முடியாது.